ஈர முடியில் ஸ்ட்ரெய்ட்னர் வேண்டாம்

வாசகர் கேள்வி:

அக்கா, வணக்கம். எனக்கு வயது 24. காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஊர். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அடர்த்தியான, அலை அலையான முடி எனக்கு. இடுப்பு வரை இருக்கும். இரண்டு வருடமாக வாரத்தில் ஐந்து நாள் ஸ்ட்ரெய்ட்னர் போடுகிறேன். முதல் ஷிஃப்ட் என்றால் விடியற்காலையிலேயே கம்பெனி பஸ் வந்துவிடும். அதனால் எழுந்ததும் தலைக்குக் குளித்து, துண்டால் துவட்டி, ஃபேன் காற்றில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு உடனே போட்டுவிடுவேன். மெஷினில் 230 வரை இருக்கிறது. அதில் வைத்தால்தான் சீக்கிரம் நேராகிறது. வைக்கும்போது சுர்ரென்று சத்தம் வரும், புகை மாதிரியும் வரும். ஈரம் காய்கிறது என்று விட்டுவிடுவேன். உள்ளே போனதும் தலைக்குத் தொப்பி போட வேண்டும், ஆனாலும் பஸ்ஸில் போகும்போது முடி நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசை. ஆறு மாதமாக முடி பாதியில் உடைகிறது. சில முடியில் வெள்ளைப் புள்ளி மாதிரி தெரிகிறது. பேனோ ஈரோ இல்லை, அம்மா பார்த்துவிட்டார். "தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டு போடு, கருகாது" என்கிறார் அம்மா. கூட வேலை செய்யும் பெண் ஒரு சீரம் சொல்கிறாள். ஊரில் ஒரு பார்லரில், கெரட்டின் ட்ரீட்மென்ட் செய்தால் உடைந்த முடி சரியாகிவிடும், அப்புறம் ஸ்ட்ரெய்ட்னரே வேண்டாம் என்கிறார்கள். தை மாதம் எனக்குக் கல்யாணம், இன்னும் ஆறு மாதம்தான் இருக்கிறது. நான் எதைச் செய்வது?

– பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்

அழகுக்கலை நிபுணரின் பதில்:

அன்புத் தங்கைக்கு,

எண்ணெயா, சீரமா, ட்ரீட்மென்ட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் முடியை உடைப்பது எது என்று கடிதத்தில் நீங்களே எழுதிவிட்டீர்கள். துண்டால் துவட்டிய கையோடு, அரை ஈரத்தில், 230 டிகிரி. இது மாறாதவரை எவ்வளவு விலை கொடுத்து எந்த பாட்டில் வாங்கினாலும் முடி உடைந்துகொண்டேதான் இருக்கும். அதனால் இதை முதலில் பேசிவிடுவோம்.

முடி தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். துண்டால் துவட்டும்போது போவது மேலே நிற்கிற தண்ணீர் மட்டும்தான். உள்ளே ஊறியது அப்படியே இருக்கும். தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 230 டிகிரியில் இருக்கிற இரண்டு பிளேட்டுகளுக்கு நடுவில் ஈர முடி மாட்டினால், உள்ளே இருக்கிற தண்ணீர் மெதுவாக வெளியேற நேரமே கிடைக்காது. முடியின் உள்ளேயே ஒரே நொடியில் நீராவியாகி, வழி இல்லாமல் உள்சதையைக் கிழித்துக்கொண்டு பொங்கும். அங்கே சின்னச் சின்னக் குமிழிகள் உண்டாகும். மருத்துவர்கள் இதற்குக் குமிழி முடி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் முடிக்குள் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். ஈர முடியில் 125 டிகிரி சூட்டை ஒரு நிமிடம் வைத்தாலே இப்படி ஆகும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் வைப்பது அதைவிட நூறு டிகிரிக்கும் மேலே. நீங்கள் கேட்ட சுர் சத்தத்தில் பாதி, முடி உள்ளே பொங்குகிற சத்தம்.

வெள்ளைப் புள்ளி என்று எழுதியிருப்பதும் பெரும்பாலும் இதோடு சேர்ந்ததுதான். முடியின் மேல் செதில் செதிலாக ஒரு உறை இருக்கிறது. சூட்டில் அந்த உறை ஓரிடத்தில் உரிந்து, உள்ளே இருக்கும் இழைகள் பிரிந்து நின்றால் கண்ணுக்கு வெள்ளை முடிச்சு போலத் தெரியும். அந்த இடத்தில் விரலை வைத்து லேசாக இழுத்துப் பாருங்கள், அங்கேயேதான் உடையும். உடைந்து விழுகிற முடியின் இரண்டு முனையையும் கவனியுங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு கொட்டிய முடி. குமிழ் இல்லாமல் மொட்டையாக இருந்தால் நடுவில் உடைந்தது. வேரோடு நிறையக் கொட்டுகிறது என்றால் அது என் வேலை இல்லை. ரத்தசோகை, தைராய்டு என்று வேறு காரணம் இருக்கலாம். ஷிஃப்ட் வேலை பார்க்கிற, சரியான நேரத்துக்குச் சாப்பிடாத பெண்களிடம் ரத்தசோகையை நிறையவே பார்க்கிறேன். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரைப் பாருங்கள். மொட்டையாக உடைகிறது என்றால் மேலே படியுங்கள்.

முடி காய்ந்துவிட்டதா என்று மேல்முடியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது சீக்கிரம் காய்ந்துவிடும். பிடரிக்குப் பக்கத்தில், உள்ளே இருக்கிற முடியை ஒரு கொத்து எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. இடுப்பு வரை, அதுவும் அடர்த்தியான முடி, ஃபேன் காற்றில் அரைமணி நேரத்தில் காயவே காயாது. பல மணி நேரம் ஆகும். டிரையர் வைத்திருந்தால் முடியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காய வையுங்கள். டிரையரும் சூடுதானே என்று பயப்பட வேண்டாம். 2011இல் கொரியாவில் செய்த ஒரு ஆய்வில், இப்படித் தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே உலர்த்தியது மேலுறையைக் கொஞ்சம் கெடுத்தாலும், மணிக்கணக்கில் ஈரமாகவே விட்டதைவிட உள்ளே குறைவான சேதத்தையே செய்தது. ஸ்ட்ரெய்ட்னர் விஷயத்தில் சமாதானமே கிடையாது. சில்லென்ற முடியில் பிளேட் படக் கூடாது.

விடியற்காலையில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பீர்கள். சரிதான், நேரம் இல்லை. அதனால் காலையில் தலைக்குக் குளிக்காதீர்கள். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மாலையில் குளியுங்கள். சமைக்கும்போது, போன் பார்க்கும்போது அது பாட்டுக்குக் காயட்டும். படுப்பதற்கு முன்னால், முழுக்கக் காய்ந்த பிறகு, நிதானமாக உட்கார்ந்து ஸ்ட்ரெய்ட்னர் போடுங்கள். தூங்கும்போது இறுக்கிக் கட்டாமல் தளர்வாக ஒரு பின்னல் போதும், அல்லது உச்சியில் தளர்வாகச் சுற்றி வைக்கலாம். தலையணைக்குப் பழைய சாட்டின் துணி இருந்தால் உறையாகப் போடுங்கள், முடி உரசாமல் இருக்கும். காலையில் சீப்பு மட்டும் போதும். வாரத்துக்கு இரண்டு தலைக்குளியல், அதை ஒட்டி இரண்டே முறை ஸ்ட்ரெய்ட்னர். ஐந்து இரண்டானால் சேதம் பாதிக்கு மேல் குறைந்துவிடும். எந்தக் கிரீமும் உங்களுக்கு இந்த அளவுக்குச் செய்ய முடியாது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஸ்ட்ரெய்ட்னர் முடியை எப்படி நேராக்குகிறது? முடி அப்போதைக்கு இருக்கிற வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பது, முடிக்குள் இருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புகள் என்கிற வலுவில்லாத இணைப்புகள். சூட்டில் அவை விட்டுவிடும், ஆறும்போது பிளேட் இழுத்த வாக்கில் மறுபடி பிடித்துக்கொள்ளும். தண்ணீர் பட்டாலும் இதே பிணைப்புகள் விட்டுவிடும். அதனால்தான் ஈரக் காற்றிலும் வியர்வையிலும் முடி பழைய அலைக்குத் திரும்புகிறது. காவேரிப்பட்டணத்தில் வறண்ட காற்றில் நேராக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறீர்கள். சூளகிரி தாண்டி ஓசூர் மேட்டுக்கு ஏறினால் விடியற்காலைப் பனியும் ஜன்னல் காற்றும். போய்ச் சேருவதற்குள் முன்முடி சுருள ஆரம்பித்திருக்கும், அப்புறம் எட்டு மணி நேரம் தொப்பிக்குள். மறுநாள் இன்னும் கூடுதல் சூடு. இந்தச் சுற்றில்தான் 180இல் ஆரம்பிக்கிற பெண்கள் எல்லாம் 230க்குப் போய்விடுகிறார்கள். பஸ்ஸில் நன்றாக இருக்க வேண்டும் என்கிற ஆசை நியாயமான ஆசை, அதை விடச் சொல்லவில்லை. வேலை நாளில் நெற்றியோரமும் காதோரமும் இருக்கிற முடியை மட்டும் நேராக்கிவிட்டு, மீதியை வழவழப்பாகச் சீவிப் பின்னலோ போனிடெயிலோ போடுங்கள். முகத்துக்கு வித்தியாசம் தருவது அந்த முன்முடிதான். ஆனால் தலையிலேயே மெல்லிய முடியும் அதுதான், அதற்கு 130, 140க்கு மேல் வேண்டாம். லீவு நாளில், வெளியே போகும் நாளில் முழுத் தலைக்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது டிகிரி. நம் பக்கத்தில் பட்டுக்கூடு ஏற்றிக்கொண்டு தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குப் போகிற குடும்பங்கள் நிறைய. பட்டும் புரதம், முடியும் புரதம். பட்டுப்புடவைக்கு மேல் துணி போட்டு, அயர்ன் பாக்ஸைக் குறைந்த சூட்டில் வைத்துத்தான் தேய்ப்போம், காட்டன் சூட்டில் வைத்தால் புடவை போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஜாக்கிரதையில் பாதி முடிக்கும் வேண்டும். காய்ந்த முடியின் கெரட்டின் புரதம் 230 டிகிரியை ஒட்டித்தான் உருக ஆரம்பிக்கிறது. ஈரமாக இருந்தால் 150ஐ ஒட்டியே அதன் கட்டமைப்பு குலைய ஆரம்பித்துவிடும். உங்கள் மெஷினின் கடைசி எண்ணும் முடி உருகுகிற எண்ணும் ஒன்று என்பதை நினைவில் வையுங்கள். அந்தக் கடைசி எண் உங்களுக்கு இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

150இல் ஆரம்பியுங்கள். ஒரு கொத்து முடியை ஒருமுறை நீவிப் பாருங்கள். நேராகவில்லை என்றால் பத்து டிகிரி கூட்டுங்கள். உங்கள் முடி அடர்த்தி என்கிறீர்கள், அதனால் 170, அதிகம் போனால் 180இல் நின்றுவிடலாம். அங்கேயும் நேராகவில்லை என்றால் சூடு போதவில்லை என்று அர்த்தம் இல்லை. முடியில் ஈரம் இருக்கிறது, அல்லது எடுத்த கொத்து தடிமனாக இருக்கிறது, அல்லது கை வேகமாக ஓடுகிறது. இந்த மூன்றில் ஒன்றுதான் எப்போதும். பார்லரில் புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான், ஏனென்றால் எல்லோருடைய கையும் முதலில் சூட்டைக் கூட்டுகிற பட்டனுக்குத்தான் போகும்.

கொத்து எடுக்கும்போது அகலம் பிளேட்டைவிடக் குறைவாக இருக்கட்டும். விரித்துப் பிடித்தால் பின்னால் இருப்பது மங்கலாகவாவது தெரிகிற அளவு மெல்லிசாக எடுங்கள். முதலில் பெரிய பல் சீப்பால் சிக்கு முழுவதும் எடுத்துவிட வேண்டும். சிக்கோடு பிளேட்டை இழுத்தால் அந்த இடத்தில் நிற்கும், நின்ற இடம் கருகும். வேரிலிருந்து ஒரு அங்குலம் விட்டு ஆரம்பித்து, அவசரம் இல்லாமல், நிற்காமல், ஒரே சீராக நுனி வரை ஒரு இழுப்பு. பிளேட்டுக்கு முன்னால் ஒரு சீப்பை ஓட்டிக்கொண்டே போனால் முடி பரந்து போகும், ஒரு இழுப்பிலேயே வேலை முடிந்துவிடும். குறைந்த சூட்டில் ஐந்து தடவை இழுப்பதைவிட, போதுமான சூட்டில் ஒரு தடவை நல்லது. இரண்டாவது இழுப்பு வேண்டுமென்றால் முடி ஆறிய பிறகு இழுங்கள். மூன்றாவது வேண்டாம். நுனிக்கு வரும்போது பிடியைத் தளர்த்திவிடுங்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இடுப்பு வரை இருக்கிற முடியின் நுனி ஐந்து, ஆறு வருடத்துக்கு முன்னால் வேரிலிருந்து வந்தது. நீங்கள் ஸ்ட்ரெய்ட்னர் வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு சூட்டையும் அது வாங்கியிருக்கிறது, வாரத்துக்கு ஐந்து என்றால் ஐந்நூறு தடவைக்குப் பக்கம்.

மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. டிகிரி காட்டாமல் சிவப்பு லைட் மட்டும் எரிகிற மலிவு மெஷின்கள் சந்தைக் கடைகளில் நிறைய வருகின்றன. எத்தனை டிகிரி என்றே தெரியாத ஒன்றை வாரம் ஐந்து நாள் தலையில் வைக்க முடியாது. உங்களுடையதில் எண் இருக்கிறது, நல்லது. பிளேட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். பூச்சு உரிந்தோ கீறியோ இருந்தால் அந்த இடத்தில் முடி பிடித்து இழுக்கும், சூடும் ஒரே மாதிரி இருக்காது. அப்படியானால் மாற்ற வேண்டியதுதான். சீரம் காய்ந்து பழுப்பாகப் படிந்திருந்தால், மெஷின் ஆறிய பிறகு ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

இப்போது உங்கள் தோழி சொல்கிற சீரத்துக்கு வருகிறேன். பெயர் எழுதவில்லை, எழுதியிருந்தாலும் பெயரைவிட லேபிள்தான் முக்கியம். பாட்டிலில் ஹீட் ப்ரொடெக்டன்ட் என்று போட்டிருக்க வேண்டும். கடைகளில் ஹேர் சீரம் என்று கிடைப்பதில் பல, கடைசியில் பளபளப்புக்காகத் தடவுவதற்கானவை. சூட்டுக்கு முன்னால் தடவுவதற்கு அல்ல. பின்பக்கத்தில் டைமெதிகோன், அமோடைமெதிகோன் போன்ற சிலிக்கோன் பெயர்களோ, பிவிபி என்று ஆரம்பிக்கிற பாலிமர் பெயரோ, பாலிக்வாட்டர்னியம் என்றோ இருக்கிறதா பாருங்கள். இவை முடியைச் சுற்றி மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு சூட்டை மெதுவாகவும் பரவலாகவும் உள்ளே விடும், பிளேட் உரசுவதையும் குறைக்கும். மெதுவாக விடும் என்றுதான் சொல்கிறேன், தடுத்துவிடும் என்று சொல்லவில்லை. தடவிவிட்டோமே என்று 230இல் வைத்தால், தடவாமல் 170இல் வைத்தவரைவிட உங்கள் முடிதான் அதிகம் கெடும்.

கிரீம் வகை என்றால் குளித்துத் துவட்டிய ஈரத்தில் தடவி அதோடு காய வைக்கலாம். ஸ்ப்ரே என்றால் காய்ந்த முடியைப் பிரித்துப் பிரித்து உள்பக்கமும் படுகிற மாதிரி அடித்து, சீவிவிட்டு, அதுவும் முழுக்கக் காய்ந்த பிறகுதான் பிளேட். பல பேர் செய்கிற தப்பு, மேல்முடியில் மட்டும் நாலு தடவை அடித்துவிட்டு ஈரம் ஈரமாக இருக்கும்போதே மெஷினை எடுப்பது. அப்போது மறுபடியும் ஈர முடிக் கதைதான். ஸ்ப்ரேயில் ஆல்கஹால் இருந்தால் இன்னும் ஆபத்து. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போடுங்கள். சிலிக்கோன் கலந்த பொருள்கள் தடவி முடியைச் சூடாக்கும்போது அந்தச் சிலிக்கோன் ஆவி அறைக் காற்றில் நிறையக் கலக்கிறது என்று அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் அளந்து சொன்னார்கள். சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற வேலை இல்லை இது.

அம்மா சொல்கிற தேங்காய் எண்ணெயைப் பற்றி. அம்மாவின் எண்ணெய் நல்லது, அவர் சொல்கிற நேரம்தான் சரியில்லை. தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவி, அலசும்போது முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று 2003இல் வெளியான நம் இந்திய ஆய்வு ஒன்றே காட்டியிருக்கிறது. சூரியகாந்தி எண்ணெயாலும் மினரல் ஆயிலாலும் இதைச் செய்ய முடியவில்லை. ஆனால் அது தலைக்குக் குளிப்பதற்கு முன்னால். செக்கு எண்ணெய் 180 டிகிரிக்கு முன்னாலேயே புகைய ஆரம்பிக்கும். எண்ணெய் முடியில் பிளேட்டை வைத்தால் முடியின் மேல் காய்கிற எண்ணெயும் சேர்ந்து சுடும், வாசனையும் போகாது, பிளேட்டும் பாழ். அதனால் அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அவர் கையாலேயே நுனி வரை எண்ணெய் வைத்துவிடட்டும், நன்றாக அலசி, காய வைத்து, அப்புறம் ஸ்ட்ரெய்ட்னர். எண்ணெய் போக அரப்பும் சீயக்காயும் போடுகிற வீடு என்றால் தூள் முடியில் தங்காமல் அலசுங்கள். மிச்சத் தூளோடு பிளேட் ஓடினால் உரசும். ஸ்ட்ரெய்ட்னர் போடுகிற நாளில் மட்டுமாவது ஷாம்பும் கண்டிஷனரும் வசதி. கண்டிஷனரை விட்டுவிடாதீர்கள், நேரம் இல்லை என்று எல்லோரும் முதலில் விடுவது அதைத்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் இதைப் பார்க்காமல் முடியைப் பற்றிப் பேச முடியாது. தண்ணீர். குளிப்பதற்குப் பெரும்பாலான வீடுகளில் போர் தண்ணீர்தான். உப்புத் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் முடியின் மேல் படிந்து, முடி விறைப்பாகவும் சொரசொரப்பாகவும் ஆகிவிடும். சொரசொரப்பான முடியில் பிளேட் வழுக்காது, நின்று நின்று போகும், நாம் இன்னும் சூட்டைக் கூட்டுவோம். நம் தண்ணீரில் ஃப்ளோரைடு இருக்கிறதே, அதனால்தான் முடி போகிறதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுப்பது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013 முதல் அந்தத் தண்ணீர் நமக்கு வருகிறது. முடியில் படிவது மற்ற உப்புகள். ஒகேனக்கல் தண்ணீரிலேயே முழுக்கக் குளியுங்கள் என்று சொல்ல மாட்டேன், குடிக்கிற தண்ணீர் அது. போர் தண்ணீரில் குளித்துவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு சொம்பு, இரண்டு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். மழை பெய்தால் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் இன்னும் நல்லது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கிளாரிஃபையிங் அல்லது கீலேட்டிங் என்று போட்டிருக்கிற, உப்பைப் பிடித்து இழுக்கிற இடிடிஏ (EDTA) கலந்த ஷாம்பு ஒன்றைப் போட்டு அலசினால் படிந்த உப்பு கொஞ்சம் விடும். அடிக்கடி வேண்டாம், முடியை வறட்டிவிடும்.

கெரட்டின் ட்ரீட்மென்ட் விஷயத்தில் நான் உறுதியாகச் சொல்கிறேன்: இப்போது இருக்கிற நிலையில் செய்யாதீர்கள். உடைந்த முடி அதனால் சரியாகாது. முடி உயிருள்ள பொருள் இல்லை, வெந்த புரதம் மறுபடி பழையபடி ஆகாது. அந்த ட்ரீட்மென்ட்டில் மருந்தைத் தடவிய பிறகு என்ன செய்வார்கள் தெரியுமா? 200 டிகிரிக்கு மேல் ஸ்ட்ரெய்ட்னரை வைத்து ஒரே கொத்தைப் பல தடவை இழுத்துத்தான் மருந்தை உள்ளே பிடிக்க வைப்பார்கள். சூட்டில் கெட்ட முடிக்கு இன்னும் பெரிய சூடு. முதல் இரண்டு மாதம் பளபளப்பாகத்தான் இருக்கும். பூச்சு போன பிறகு தெரிவது இன்னும் மெலிந்த முடி.

மருந்தும் சாதாரணமானது இல்லை. சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கும், அல்லது சூட்டில் அதை வெளியிடுகிற பொருள் இருக்கும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையே வகைப்படுத்தியிருக்கிறது. ஃபார்மால்டிஹைடு இல்லை என்று விற்கிற பலவற்றில் கிளையாக்ஸிலிக் அமிலம் இருக்கிறது. துனிசியாவில் 26 வயதுப் பெண் ஒருவருக்கு, ஒவ்வொரு முறை இந்த மாதிரி முடி நேராக்கும் சிகிச்சை செய்துகொண்டபோதும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2024 மார்ச்சில் எழுதினார்கள். அவர் போட்டுக்கொண்ட கிரீமில் இருந்தது அந்த அமிலம். அந்தப் பெண்ணுக்கும் ஏறக்குறைய உங்கள் வயதுதான். இதே தொழிலில் இருந்துகொண்டு இதைச் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை. யாராவது செய்யச் சொன்னால், பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள், அதில் எழுதியிருப்பதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். லேபிள் இல்லாத டப்பாவிலிருந்து கலக்கித் தருகிற இடத்தில் தலையைக் கொடுக்க வேண்டாம்.

சரி, கல்யாணத்துக்கு என்ன செய்வது? ஆறு மாதத்தில் வேரிலிருந்து ஆறு சென்டிமீட்டர் நல்ல முடி வரும். அதைச் சூட்டிலிருந்து காப்பாற்றுங்கள். உடைந்த நுனியை இப்போதே இரண்டு மூன்று அங்குலம் வெட்டிவிடுங்கள். நீளம் போகிறதே என்று மனசு கேட்காது, ஆனால் வெடித்த நுனி மேலே மேலே கிழிந்துகொண்டே போகும், தையில் இன்னும் அதிகம் வெட்ட வேண்டியிருக்கும். மார்கழியில் மறுபடி ஒரு அரை அங்குலம் ட்ரிம் செய்தால் நுனி கனமாகத் தெரியும்.

முகூர்த்தத்துக்கு முடி நேராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சவுரி வைத்துப் பின்னி, பூ ஜடை தைத்துவிட்டால் உள்ளே இருப்பது அலையா நேரா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? சொல்லப்போனால் உங்கள் அலை முடியில்தான் ஹேர்பின்னும் பூவும் நன்றாகப் பிடிக்கும். ஸ்ட்ரெய்ட்னர் போட்டு வழுக்குகிற முடியில் கனமான ஜடை மேடையிலேயே சரிந்து இறங்கும், எங்களுக்கு அதைப் பிடித்து நிறுத்துவதுதான் பெரிய பாடு. ரிசப்ஷனுக்கு விரித்துவிட ஆசை என்றால் அன்றைக்கு ஒருமுறை, 170இல், ஹீட் ப்ரொடெக்டன்ட்டோடு போட்டுக்கொள்ளலாம். முதல் நாள் மாலையே தலைக்குக் குளித்துவிட வேண்டும் என்று உங்களுக்கு அலங்காரம் செய்ய வருகிறவரிடமும் வீட்டிலும் இப்போதே சொல்லி வையுங்கள். கல்யாண வீட்டில் குளியலறை கிடைக்கிற நேரம் நம் கையில் இருக்காது, ஈரத் தலையோடு மணப்பெண் வந்து உட்காருவதை அடிக்கடி பார்க்கிறேன். டிரையரும் மெஷினும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டாமல் தனித்தனி பிளக் பாயின்ட் மண்டபத்து ரூமில் இருக்கிறதா என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா